முருங்கை இலையின் அடிப்பக்கம்

“நில்றா. ஒட்டுன எடத்துல நிக்கணும். ஊர் மேயப் போனா ஒடச்சிப் போட்டுடுவேன்.”

கலீமுல்லா இப்படித் திட்டிக்கொண்டிருந்தது ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய ஒரு ஸ்டீயரிங் சக்கரத்தை. வளைந்த மூக்குள்ள இடுக்கியால் அதைப் பிடித்து, பசை தொட்ட தண்டின்மேல் வைத்து, மூச்சை அடக்கிக்கொண்டு இருபது வரை எண்ணுவார். எண்ணி முடித்து மூச்சை விடும்போது கூடவே ஒரு வசவும் வெளியே வரும். அந்த ஞாயிற்றுக்கிழமை அச்சக்கரம் மூன்றாவது முறையாகச் சாய்ந்தது. நான்காவது முறை வைத்தபோது அவர் திட்டவில்லை, முறைத்தார். அது நின்றுவிட்டது.

ஒலிமுகமது பேட்டையில் அவர் வீட்டின் கிழக்குச் சன்னலுக்கு அடியில் ஒரு பலகை இருக்கிறது. பலகைமேல் பழைய செய்தித்தாள், உடைந்த சவர பிளேடு, நகம் தேய்க்கும் அரம், பல்குத்தும் குச்சிகள், இரண்டு இடுக்கிகள். பிளாஸ்டிக் சட்டங்களில் காய்த்துத் தொங்குவதுபோல் வரும் காரின் உறுப்புகளை அவர் ஒவ்வொன்றாக வெட்டியெடுத்து, வெட்டிய வடுவை அரத்தால் தேய்த்து, மனைவி ஜோஹராவின் அஞ்சறைப் பெட்டியில் இனம் பிரித்து வைக்கிறார். கடுகின் அறையில் இருக்கைகள். சீரகத்தின் அறையில் விளக்குகள். மஞ்சளின் அறையைக் கழுவாமல் விட்டதால் ஒரு சக்கரம் மஞ்சளாகப் போய், அதற்காக இருவரும் இரண்டு நாள் பேசாமல் இருந்தார்கள். அஞ்சறைப் பெட்டி போன நாளிலிருந்து ஜோஹரா தாளிப்புச் சாமான்களைக் காகிதப் பொட்டலங்களிலேயே வைத்திருக்கிறார். விருந்தினர் வந்தால் அந்தப் பொட்டலங்களை வேண்டுமென்றே அவர்கள் கண்ணில் படும்படி பிரிப்பார்.

கலீமுல்லாவுக்கு ஐம்பத்தேழு வயது. ஒல்லியான உடம்பு, நரைத்த தாடி, மடித்துவிட்ட அரைக்கைச் சட்டை. நகங்களை மட்டும் யாரும் மறக்க முடியாது. பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் முப்பத்தொரு ஆண்டுகளாகப் பட்டு நூலுக்கு நிறம் ஏற்றுகிற அவருடைய விரல் நகங்களில் அந்த வாரத்துச் சாயம் தங்கிவிடும். பேட்டைப் பெண்கள் அவருடைய நகத்தைப் பார்த்தே, காந்தி ரோட்டுக் கடைகளில் இப்போது அரக்கு ஓடுகிறதா, கத்திரிப்பூ ஓடுகிறதா என்று தெரிந்துகொள்வார்கள். நிறத்தின் பெயரை அலட்சியமாகச் சொல்லுகிறவர்களை அவர் மன்னிப்பதில்லை. யாராவது வெறுமனே ‘பச்சை’ என்று சொல்லிவிட்டால் போதும்.

“பச்சையாம் பச்சை. என்னா பச்சை? வாழக் குருத்தா, கிளியா, கொளத்துப் பாசியா? அம்மா பேரு கேட்டா பொம்பளன்னு சொல்லுவியா நீ?”

அவருடைய வேலைமுறை எளியது. அதில் அளவுக் கருவி எதுவும் இல்லை. சாயத் தொட்டியிலிருந்து எடுத்த பட்டு நூல் கற்றையான சிட்டத்தைப் பிழிந்து நிழலில் காயவைப்பார். காலை பத்து மணிக்கு அதைத் தெருவுக்குக் கொண்டுவருவார். பத்துக்கு முன்னால் வெயிலில் மஞ்சள் அதிகம், பதினொன்றுக்குப் பிறகு வெள்ளை அதிகம் என்பது அவருடைய கணக்கு. வாடிக்கையாளர் கொடுத்த மாதிரி நூலை அந்தச் சிட்டத்தின் குறுக்கே போடுவார். நூல் கண்ணுக்குத் தெரிந்தால் நிறம் தவறு. நூல் காணாமற்போனால் நிறம் சரி. “நூல் மறையணும்” என்பார். “மறையலன்னா மறுபடி தொட்டிதான். அதுக்குமேல பேச்சு கெடையாது.” ஈரப் பட்டு ஒரு படி அழுத்தமாகத் தெரியும், காய்ந்தால் வெளுக்கும், ஆகவே தொட்டியில் எப்போதும் ஒரு படி கூடுதலாகவே நிறுத்துவார். இதை அவர் யோசித்துச் செய்வதில்லை. அவருடைய கை அதைத் தானாகச் செய்யும்.

அந்தக் கையைத்தான் சித்திரை மாதத்தில் ஒருநாள், பட்டறை முற்றத்தில், ஆறு வேலையாட்களும் இரண்டு நெசவாளர்களும் பார்த்துக்கொண்டிருக்க, முதலாளி திருஞானசம்பந்தம் வாய் வார்த்தையாலேயே முடமாக்கினார்.

பெங்களூரிலிருந்து ஒரு கல்யாணப் புடவைக்கு ஆர்டர் வந்திருந்தது. மணப்பெண் தனக்குப் பிடித்த நிறத்தைக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். காந்தி ரோட்டுக் கடையைக் கவனித்துக்கொள்ளும் முதலாளியின் மகன் யுவன் அந்தப் படத்தைக் கலீமுல்லாவிடம் காட்டினான். அவர் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டார். போனுக்குப் போன் நிறம் மாறும், வெளிச்சத்தைக் குறைத்தால் மாறும், ஒரு முழ நூல் வாங்கித் தா, இல்லாவிட்டால் தொட்டியைப் பற்றவைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். வேண்டாவெறுப்பாக யுவன் வரவழைத்த மாதிரி நூலுக்குப் பொருத்தமாக அவர் பட்டுக்குச் சாயம் ஏற்றினார். நூல் மறைந்தது. புடவை நெய்யப்பட்டுப் போய்ச் சேர்ந்தது. மணப்பெண் அதைத் தன் கைப்பேசிப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, நிறம் வேறு என்று திருப்பி அனுப்பினாள்.

கலீமுல்லா மாதிரி நூலை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடினார். முதலாளி அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

“நூல் கெடக்கட்டும் பாய். பொண்ணு போனப் பாத்துக்கினு அழுவுது. ஒனக்குக் கண்ணு போச்சு. வயசாச்சு, தப்பில்ல. இனிமே கலரு யுவன் சொல்லுவான். ஆடி முடிஞ்சி நீ கழி புடி.”

கழி பிடிப்பது என்றால், கொதிக்கும் தொட்டியின்மேல் சிட்டங்களைக் கழிகளில் மாட்டித் திருப்பிக்கொண்டே இருப்பது. பட்டறைக்குப் புதிதாக வருகிறவனுக்கு முதல் நாள் கொடுக்கும் வேலை அது. நிறத்தைப் பற்றி அவன் வாய் திறக்கக் கூடாது.

ஒருவருடைய கண்ணைக் கெட்டுப்போனது என்று சொல்ல ஒரு மனிதனுக்கு என்ன தகுதி வேண்டும் என்று அன்று அந்த முற்றத்தில் யாரும் கேட்கவில்லை. சொன்னவர் முதலாளி; அதுவே போதுமான தகுதியாக இருந்தது. கலீமுல்லாவும் கேட்கவில்லை. ஐயம்பேட்டையில் கட்டிக்கொடுத்திருந்த மகள் ரூக்ஷாரை அழைத்துக்கொண்டு மறுநாளே கண் மருத்துவமனைக்குப் போனார். புள்ளிகளுக்கு நடுவே எண்களை ஒளித்துவைத்திருக்கும் புத்தகத்தைக் கொடுத்தார்கள். எல்லா எண்களையும் தயங்காமல் வாசித்தார். வாசித்த கையோடு, ஏழாம் பக்கத்தில் ஆரஞ்சு நிறம் சரியாக அச்சாகவில்லை, வேறு புத்தகம் வாங்கி வையுங்கள் என்று மருத்துவரைக் கடிந்துகொண்டார். படிப்பதற்கு மட்டும் கண்ணாடி வேண்டும், நிறப்பார்வையில் குறை எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள்.

அந்தச் சான்றிதழை முதலாளி பிரிக்கவில்லை. மேசைமேல் வைத்து, அதன்மேல் தேநீர்க் குவளையை வைத்தார். “டாக்டருக்குப் பட்டப் பத்தி என்னா தெரியும்? சீட்டு கேட்டனா நானு?” என்றார். குவளையை எடுத்தபோது தாளில் ஒரு வட்டக் கறை. அந்தத் தாளைக் கலீமுல்லா இன்னும் வைத்திருக்கிறார். யாருக்காவது காட்டும்போது எழுத்தைக் காட்டுவதில்லை, கறையைக் காட்டுகிறார். “பாத்துக்கோ. இது டிகாசன் கொறஞ்ச டீ. அதயும் நான்தான் கண்டுபுடிக்கணும்” என்கிறார்.

திருஞானசம்பந்தத்திடம் ஒரு கார் உண்டு. ஆறு ஆண்டுகளுக்கு முன் கோயம்புத்தூரில் ஒருவரிடமிருந்து வாங்கிய பழைய மோரிஸ் மைனர். இரண்டே கதவுகள், ஆமை முதுகு, உருண்டை விளக்குகள். சாலையில் அதை ஓட்டுவதில்லை. காந்தி ரோட்டுக் கடையின் முகப்பில் நிறுத்திவைத்திருக்கிறார். புடவை எடுக்க வரும் மணப்பெண்கள் அதன்மேல் சாய்ந்துகொண்டு படம் எடுத்துக்கொள்வார்கள். அதன் நிறத்தைக் கலீமுல்லா ஒருமுறை அடுத்த வீட்டுக்காரனான எனக்கு விளக்கினார். முருங்கை இலையைத் திருப்பிப் பார்த்தால் அடிப்பக்கத்தில் ஒரு நிறம் தெரியுமே, அதில் ஒரு சொட்டுப் பால் விட்டதுபோல இருக்கும் என்றார். ஊரில் எவனாலும் அந்தக் கலரைப் பிடிக்க முடியாது என்பது முதலாளியின் பெருமை. இரண்டு தீபாவளிக்கு முன் ஒரு வேன் உரசி இடப்பக்கக் கதவு நசுங்கியது. சென்னைக்கு அனுப்பி வேறு கதவு போட்டு வண்ணம் அடித்து வந்தார்கள். அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம், “எது புதுக் கதவுன்னு சொல்லுங்க பாப்போம்” என்று கேட்பார். புடவை வாங்க வந்தவர்கள் கதவைப் பற்றி என்ன சொல்வார்கள்? தெரியவில்லை என்பார்கள். அவர் சிரிப்பார்.

தேநீர்க் கறை விழுந்த அன்று மாலை கலீமுல்லா வீட்டுக்கு வந்து, சட்டையைக்கூட மாற்றாமல், அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை இறக்கினார். ஷார்ஜாவில் இருக்கும் அவருடைய அக்காள் மகன் தன்வீர் பத்து ஆண்டுகளாக, ஊருக்கு வரும்போதெல்லாம், பிளாஸ்டிக் உறுப்புகளைக் கோத்துச் செய்கிற பழைய கார்களின் பெட்டி ஒன்றை அவருக்கு வாங்கி வருவது வழக்கம். பதினொரு கார்கள் செய்து முடித்துவிட்டார். கண்ணாடி அலமாரியில் அவை வரிசையாக நிற்கின்றன. எந்தக் காரின் சக்கரமும் உருளாது. உருண்டால் குழந்தைகள் கேட்பார்கள் என்று ஒட்டிவிடுகிறார். பிரிக்காமல் மிச்சம் இருந்தது பன்னிரண்டாவது பெட்டி. உள்ளே இருந்தது மோரிஸ் மைனர். கட்டி முடித்தால் ஒரு சாணுக்கும் குறைவான நீளம்.

நானும் அங்கிருந்தேன். பெட்டியின் பக்கங்களைப் பிளேடால் கிழித்துக்கொண்டே அவர் சொன்னார்:

“எவனாலயும் புடிக்க முடியாதுன்னாரில்ல? புடிக்கிறேன். புடிச்சி அவரு எதிர்லயே வெக்கிறேன். அப்பவும் கண்ணு போச்சுன்னு சொன்னார்னா, சொல்லட்டும். சாவுற வரைக்கும் கழியே புடிக்கிறேன்.”

“கழி புடிக்க அவர் சொல்லிட்டாரு. பெட்டிய ஏன் கிழிக்கிறீங்க, தொறக்கத் தெரியாதா?” என்றார் ஜோஹரா.

முதலில் நிறத்தைத் திருடிவர வேண்டும். கலீமுல்லா அதை வண்ணத்தால் தொடங்கவில்லை, நூலால் தொடங்கினார். வீட்டு அடுப்பில், ஜோஹராவின் பால் பாத்திரத்தில், வெள்ளைப் பட்டு இழைகளுக்கு ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசத்தில் பதினேழு பச்சைகளை ஏற்றினார். பால் பாத்திரத்தைப் பற்றி அந்த வீட்டில் அன்று நடந்த உரையாடலை நான் எழுதப்போவதில்லை. கடைக்குச் சிட்டங்களைக் கொண்டுபோகும் நாள்களில் சட்டைப் பையில் அந்த இழைகளையும் கொண்டுபோவார். பத்து மணிக்குக் காரின் பானெட்டைத் துடைப்பதுபோல் குனிந்து, ஒவ்வோர் இழையாக அதன்மேல் போட்டுப் பார்ப்பார். காவலாளி உதயகுமார், பாய்க்கு முதலாளியின் வண்டிமேல் திடீரென்று பக்தி வந்துவிட்டதென்று உள்ளே போய்ச் சொல்லியிருக்கிறான். நான்காம் நாள் ஒன்பதாவது இழை மறைந்தது. பானெட்டில் மறைந்தது, கூரையில் மறைந்தது, வலப்பக்கக் கதவிலும் மறைந்தது. இடப்பக்கக் கதவில் மட்டும் வெள்ளைச் சட்டையில் ஒட்டிய தலைமயிர்போல் எடுப்பாகத் தெரிந்தது. அந்தக் கதவுக்குப் பதினொன்றாவது இழை பொருந்தியது. அதில் மஞ்சள் ஒரு பொட்டு அதிகம். கலீமுல்லா இரண்டு இழைகளையும் தனித்தனியே முடிந்து பையில் போட்டுக்கொண்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

வண்ணத்தை ஊதுவதற்குத் தன்வீர் முன்பே ஒரு பேனாத் துப்பாக்கி கொடுத்திருந்தான். பேனாவைப்போல் பிடித்து, காற்றால் வண்ணத்தைப் பனியாகத் தெளிக்கும் கருவி. அதற்குக் காற்று தருவது, ரூக்ஷாருக்குச் சிறுவயதில் மூச்சிரைப்புக்காக வாங்கிய மருந்துப் புகை இயந்திரம். அது ஓடும்போது வீடு முழுவதும் உறுமும். கிண்ணத்தில் தண்ணீரில் கரையும் வண்ணங்களைக் கலந்து, ஒன்பதாவது இழையைப் பக்கத்தில் வைத்து, சொட்டுச் சொட்டாக ஏற்றிக்கொண்டே போனார். ஒரு கட்டத்தில் கை தானாக நின்றது. மெல்லிய பூச்சாக மூன்று முறை ஊதினார். காயவைத்தார். மறுநாள் பத்து மணிக்குச் சன்னல் வெளிச்சத்தில் இழையை அதன்மேல் போட்டார்.

இழை தெரிந்தது. கார் இரண்டு படி அழுத்தமாகப் போயிருந்தது.

வண்ணக் குப்பியைத் திட்டினார். காற்று இயந்திரத்தைத் திட்டினார். ஷார்ஜாவைத் திட்டினார். காரின் உடலை டெட்டாலில் ஊறவைத்துப் பழைய பல் துலக்கியால் தேய்த்து வண்ணத்தை உரித்தார். வீடு மூன்று நாள் பிரசவ ஆஸ்பத்திரிபோல் மணத்தது. மறுபடி கலந்தார், இழையை அங்குலம் அங்குலமாக ஒப்பிட்டார், கை நின்ற இடத்தில் நிறுத்தினார், ஊதினார். மறுபடியும் அழுத்தமாகவே வந்தது.

இரண்டாம் முறை அவர் யாரையும் திட்டவில்லை. கலீமுல்லா ஒரு பொருளைத் திட்டாமல் உட்கார்ந்திருந்து நான் பார்த்தது அந்த ஒருநாள்தான். முழங்கால்கள்மேல் இரு கைகளையும் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அவை வேறு யாருடையவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தார். ஆடி முடியப் பதினொரு நாள் இருந்தது. சன்னலைப் பார்த்துச் சொன்னார்:

“அவரு சொன்னது நெசந்தான் போல.”

அப்போது ஜோஹரா துடைப்பத்தோடு வந்தார். கணவரின் துயரம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் பலகைக்கு அடியில் சிமெண்டுத் தரையில் நான்கைந்து பச்சைச் சொட்டுகள் காய்ந்துகிடந்தன. காலையிலிருந்து தேய்த்தும் அவை போகவில்லை.

“என் தரையப் பாருங்க. வுழுந்தப்ப வெளுப்பா இருந்துச்சி, தேங்கா சட்னியாட்டம். துணி எடுத்துக்கினு வர்றதுக்குள்ள புதினா சட்னி ஆயிடுச்சி. இத எவ தேய்ப்பா?”

கலீமுல்லா தரையைப் பார்த்தார். பிறகு பலகையிலிருந்த கிண்ணத்தைப் பார்த்தார். கிண்ணத்தின் அடியில் மிச்சமிருந்த வண்ணம் ஈரமாக, வெளுப்பாக இருந்தது. விளிம்பில் வழிந்து காய்ந்த அதே வண்ணம் அதைவிட அழுத்தமாக இருந்தது. விரலால் ஒரு சொட்டை எடுத்துச் செய்தித்தாளின் வெள்ளை ஓரத்தில் தடவி, வாயால் ஊதினார். காயக் காய அது கருத்தது.

பட்டு காய்ந்தால் வெளுக்கும். இந்த வண்ணம் காய்ந்தால் கருக்கும். முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரு படி கூடுதலாக நிறுத்திப் பழகிய கை, இங்கேயும் தன் வழக்கப்படி ஒரு படி கூட்டியிருக்கிறது. வண்ணம் தன் வழக்கப்படி இன்னொரு படி ஏறியிருக்கிறது. முந்தைய பதினொரு கார்களுக்கும் பெட்டியோடு வந்த வண்ணத்தை அப்படியே அடித்திருந்தார்; எதையும் எதனோடும் பொருத்திப் பார்க்கும் தேவை இருக்கவில்லை. ஆகையால் இதுவரை இந்தத் தவறு நேர வழியில்லை. தவறியது கண் அன்று. கண், தவறை இரண்டு முறையும் காலை பத்து மணிக்குச் சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறது.

அவர் தம் வலது கையை இடது கையால் ஓங்கி அடித்தார். சத்தம் என் வீட்டுச் சுவர்வரை கேட்டிருக்கும்.

“கேக்க மாட்டியா? பட்டு வேற, பிளாஸ்டிக்கு வேற. ஒன்ன நம்பி என் கண்ண சந்தேகப்பட்டேன் பாரு.”

“தரைய யாரு தேய்க்கிறதுன்னு கேட்டேன்” என்றார் ஜோஹரா.

“நான் தேய்க்கிறேன்மா. போ.”

அவர் உண்மையாகவே தேய்த்தார். தேய்க்கும்போது முதலாளியை, யுவனை, பெங்களூர் மணப்பெண்ணை, கைப்பேசியைக் கண்டுபிடித்தவரை வரிசைப்படி திட்டினார். கோபம் திரும்பி வந்ததில் ஜோஹராவுக்கு நிம்மதி. அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்தார், மீட்கப்பட்ட பால் பாத்திரத்தில்.

மூன்றாம் முறை கிண்ணத்தில் இழையைவிட இரண்டு படி வெளுப்பாகக் கலந்தார். கை இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சும்போதெல்லாம் அதை மறு கையால் பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கலவையிலும் ஒரு சொட்டைச் செய்தித்தாளில் இட்டு, காயும்வரை காத்திருந்து, காய்ந்த சொட்டின்மேல் இழையைப் போட்டுப் பார்த்தார். இருபத்திரண்டாவது சொட்டில் இழை மறைந்தது. ஊதினார். காய்ந்த உடலின்மேல் மறுநாள் இழையைப் போட்டார். அதைத் திரும்பத் தேடி எடுக்க அவருக்குச் சற்று நேரம் பிடித்தது.

ஸ்டீயரிங் சக்கரம் நான்காவது முறையில் நின்ற அந்த ஞாயிற்றுக்கிழமை, பச்சை உடல் ஒரு கவிழ்த்த கண்ணாடிக் கிண்ணத்துக்கு அடியில், தூசு படாமல் காத்துக்கொண்டிருந்தது. உள்ளுறுப்புகள் முடிந்ததும் அவர் உடலை எடுத்து, சுற்றிலும் காகித நாடா ஒட்டி மறைத்து, இடப்பக்கக் கதவை மட்டும் மறைக்காமல் விட்டார். இன்னொரு கிண்ணத்தில், பதினொன்றாவது இழைக்குப் பொருத்திய வேறொரு பச்சை தயாராக இருந்தது. அதை அந்தக் கதவில் ஊதினார். நாடாவை உரித்தபோது ஜோஹரா எட்டிப் பார்த்தார்.

“இந்தக் கதவு மட்டும் ஏன் மஞ்சளிச்சிக் கெடக்குது? இத்தன நாள் பாடுபட்டுக் கடசீல கோட்ட வுட்டீங்களா?”

“கோட்டயெல்லாம் இல்ல. அங்க அப்டித்தான் இருக்குது” என்றார் கலீமுல்லா.

ஜோஹரா அவரை ஒரு கணம் பார்த்தார். பிறகு எடுத்துச் செல்வதற்கு நல்ல துணி ஒன்றைத் தேடி உள்ளே போனார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் காந்தி ரோட்டுக் கடையின் வாசலில் கலீமுல்லா துணிப் பொதியோடு நின்றார். உடன் வா என்று என்னை அழைக்கவில்லை. வராதே என்றும் சொல்லவில்லை. உள்ளே திருஞானசம்பந்தம் மேசைக்குப் பின்னால் இருந்தார். தலைக்கு மேல் வரிசையாக வெள்ளை விளக்குகள் எரிந்தன. அந்த விளக்குகளில் எந்தப் புடவையும் தன் நிறத்தில் இராது. பொதியை இப்படி வை பாய் என்று முதலாளி மேசையைக் காட்டினார்.

“வெளிய வாங்க மொதலாளி. இந்த லைட்டுல நான் எதயும் காட்ட மாட்டேன்.”

முப்பத்தொரு ஆண்டுகளில் அவர் முதலாளிக்கு இட்ட முதல் கட்டளை அதுவாகத்தான் இருக்கும். முதலாளி எழுந்து வந்ததற்குக் காரணம் வியப்பாகவும் இருக்கலாம். யுவன் கைப்பேசியோடு பின்னால் வந்தான். உதயகுமார் நாற்காலியைவிட்டு எழுந்தான்.

கலீமுல்லா துணியை விரித்து, சின்ன மோரிஸை எடுத்து, பெரிய மோரிஸின் பானெட்டின்மேல் வைத்தார். வைத்ததும் அதன் உடல் காணாமற்போயிற்று. நான்கு சக்கரங்களும் சின்னச் சின்னக் கண்ணாடிகளும் வெள்ளி விளிம்புகளும் மட்டும் வெறும் பச்சையின்மேல் மிதப்பதுபோல் இருந்தன. யுவன் படம் எடுக்கக் கைப்பேசியைத் தூக்கினான். கலீமுல்லா பார்த்த பார்வையில் அதைத் தாழ்த்திக்கொண்டான்.

திருஞானசம்பந்தம் குனிந்து பார்த்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் எதுவோ கலைந்து, மறுபடி சேர முயன்றது. அந்தச் சிறிய காரைக் கையில் எடுத்தார். மூக்குக்கு அருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடப்பக்கம் வந்ததும் கை நின்றது. மெதுவாக ஒரு சிரிப்பு வந்தது. எது புதுக் கதவு என்று கேட்கும்போது வரும் அதே சிரிப்பு.

“யுவா, இங்க பாரு. இந்தக் கதவு மட்டும் கலரு மாறிப்போச்சி. மஞ்ச தூக்குது.” பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, கிட்டத்தட்டக் கனிவோடு சொன்னார்: “இதத்தான் பாய் அன்னிக்குச் சொன்னேன். மத்ததெல்லாம் நல்லாத்தான் செஞ்சிருக்குற. ஆனா இவ்ளோ பெரிய வித்தியாசம் ஒன் கண்ணுக்குத் தெரியல பாரு.”

கலீமுல்லா சட்டைப் பையிலிருந்து ஒன்பதாவது இழையை எடுத்து முடிச்சை அவிழ்த்தார். பெரிய காரின் இடப்பக்கத்துக்கு நடந்துபோய், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு குந்தி உட்கார்ந்தார். இழையின் ஒரு நுனியை முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில் வைத்தார். மறு நுனியை, இடுக்கைத் தாண்டி, கதவின்மேல் இழுத்து வைத்தார். இரண்டு நுனிகளையும் இரண்டு கட்டைவிரல்களால் அழுத்தினார். தகட்டின்மேல் இருந்த பாதி மறைந்துபோயிற்று. கதவின்மேல் இருந்த பாதி, பத்து மணி வெயிலில், பளிச்சென்று தெரிந்தது.

அவர் தலையைத் திருப்பவில்லை. விரல்களை எடுக்காமல், முதலாளி குனிவதற்காகக் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.